அடிமனமும் அனந்தபுரியும்

வாழ்வை இரண்டாகப் பகுத்து, ஒன்றுக்கு அகம் என்றும் மற்றொன்றுக்குப் புறம் என்றும் பெயரிட்ட மொழி நம்முடையது. உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றும் வகையை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, அதற்கென மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே தொல்காப்பியர் அமைத்தார். வள்ளுவரோ குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பைப் பொருட்பாலில் ஒருமுறையும் காமத்துப்பாலில் ஒருமுறையும் வைத்தார். வேந்தனின் முகம் நோக்கி அவன் உள்ளம் அறிய வேண்டிய அமைச்சனுக்கும், காதலியின் கண் நோக்கி அவள் உள்ளம் அறிய வேண்டிய காதலனுக்கும் ஒரே கல்விதான் தேவை என்று அவர் கருதினார் போலும். மேலதிகாரியின் முகத்தைப் படித்தே காலந்தள்ளும் என் போன்ற மத்திய அரசு எழுத்தர்களுக்கு, அவ்விரு அதிகாரங்களுள் முதலாவதின் அருமை நன்கு விளங்கும்.

ஆகவே, மனித மனத்தின் மறைவான அடுக்குகளைத் துருவும் புதினங்களைக் கண்டவுடன், "இவை மேனாட்டுச் சரக்கு; பிராய்டைப் படித்தவர்கள் செய்யும் வித்தை" என்று தள்ளிவிடுவது பொருந்தாது. "எல்லாம் நம் முன்னோர் சொன்னவையே" என்று மார்தட்டிக்கொள்வதும் அதே அளவுக்குப் பொருந்தாது. பழைமைக்கும் புதுமைக்கும் இடையே இங்கே ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. அதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

சங்கப் பாடல்களின் தலைவி தன் உள்ளத்தைத் தாயிடமிருந்து மறைப்பாள். அலர் தூற்றும் ஊரிடமிருந்து மறைப்பாள். தோழியிடமிருந்துகூடச் சில நாள் மறைப்பாள். ஆனால் தன்னிடமிருந்து அவள் எதையும் மறைப்பதில்லை. குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என்று இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. தன் நெஞ்சையே எதிரே நிறுத்திவைத்து ஒருத்தி வழக்காடுகிறாள். வழக்கு இன்னதென்று அவளுக்கும் தெரியும், நெஞ்சுக்கும் தெரியும். 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த தம் கனவு நூலிலும் அதைத் தொடர்ந்தும் பிராய்டு சொன்னது வேறு. மனிதன் தன்னிடமிருந்தே ஒன்றை மறைக்கிறான். மறைத்த இடத்தையும் மறந்துபோகிறான். மறந்த பொருளோ கனவிலும் வாய்தவறி வரும் சொல்லிலும் தலைகாட்டிவிடுகிறது என்பது அவர் கொள்கை. பழைய தலைவி பூட்டிய பெட்டியின் சாவி அவள் கையிலேயே இருந்தது. புதிய மனிதனுக்குப் பெட்டி இருப்பதே தெரியாது.

பழந்தமிழில் இந்த இரண்டாம் நிலைக்கு மிக அருகே வந்தவர் இளங்கோவடிகள் என்பது என் துணிபு. கானல்வரியில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் நெஞ்சில் வேறு எவளோ இருக்கிறாள் என்று எண்ணி, மாதவியும் வேறு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். அவள் பாட்டை மெய்யென்று கொண்டு அவன் பிரிந்துவிடுகிறான். ஒரு பாட்டுக்காகவா பிரிந்தான்? கைவிட்டு வந்த கண்ணகியின் நினைவு எத்தனை நாளாக அவனை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது? பிரிவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று அவனே அறியாமல் காத்திருந்தானா? இன்றைய வாசகன் கேட்கும் கேள்விகள் இவை. அடிகள் அனைத்தையும் ஊழ்வினையின்மேல் ஏற்றிவைத்து நகர்ந்துவிடுகிறார். அவர் ஊழ் என்று வெளியே நிறுத்திய ஒன்றை ஆளுக்குள்ளே கொண்டுவந்து வைத்ததுதான் இருபதாம் நூற்றாண்டுப் புதினத்தின் வேலை.

தமிழில் இவ்வேலையைத் தொடங்கியவர்கள் என்று புதுமைப்பித்தனையும் மௌனியையும் சொல்வது மரபு. அம்மரபை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறுகதையில் மின்னலாகத் தோன்றியதைப் புதினத்தின் அகலத்தில் விளக்கேற்றிக் காட்டியவர்கள் என்று எண்ணும்போது என் முன்னே மூன்று பெயர்கள் வந்து நிற்கின்றன: நீல பத்மநாபன், நகுலன், ஆ. மாதவன். மூவரும் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து எழுதியவர்கள்; கேரள மண்ணில் வேரூன்றிய தமிழர்கள். மூன்று பேர் ஓரூரில் வாழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். மூவருமே மனத்தின் அடித்தளத்தைத் தேடிச் சென்றதைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை.

ஏன் என்பதைக் கஞ்சிக்கோட்டில் வாழும் நமக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. வாளையாறு தாண்டி ரயில் இந்தப் பக்கம் வந்தவுடன் காற்று மாறுகிறது. காற்றோடு நாமும் சிறிது மாறிக்கொள்கிறோம். 1956க்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது என்பது வரலாறு. ஆனால் நம்மில் பலர் அந்த வரலாற்றோடு வந்தவர்கள் அல்லர். தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்டு வந்தவர்களின் மக்கள். என் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து இங்கே ஒரு பட்டறைக்கு வேலைக்கு வந்தார். நான் சிற்றூர் அரசுக் கல்லூரியில் தமிழ் பி.ஏ. படித்தேன். இன்று என் மேசையில் கோப்பு ஆங்கிலத்தில் இருக்கும். தலைமையகத்துச் சுற்றறிக்கை இந்தியில் வரும். பக்கத்து மேசைப் பேச்சு மலையாளத்தில் நடக்கும். வீடு சேர்ந்தால் தமிழ். நான்கு மொழிக்கும் நான்கு முகம். கூட்டலும் பெருக்கலும் எனக்குத் தமிழில்தான் வரும் என்பதால், ஆங்கிலக் கோப்பில் எண்களைச் சரிபார்க்கும்போது உதடு தமிழில் அசைவதைக் கண்டு நண்பர்கள் சிரிப்பதுண்டு.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். யாரேனும் நம் மனம் நோகும்படி ஒன்று சொல்லிவிட்டால், "சாரமில்ல" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்துவிடுகிறோம். வீட்டுக்குள்ளும், கணவன் மனைவிக்குள்ளும்கூட அந்தச் சொல் புகுந்துவிட்டது. அதையே தமிழில் "பரவாயில்லை" என்று சொல்லிப் பாருங்கள்; குரல் சிறிது உடையும். பிற்காலத்தில் கற்ற மொழி, மனத்தின் மேற்பரப்புக்கு ஒரு நல்ல மூடியாக அமைந்துவிடுகிறது. இரண்டு மொழியில் வாழ்பவனுக்குத் தன் மனத்தில் மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என்று இருப்பது நூல் படித்துத் தெரிய வேண்டியதில்லை. நாள்தோறும் மாடிப்படி ஏறி இறங்குபவன் போல அவன் அதை அறிவான். அனந்தபுரி எழுத்தாளர்கள் மூவருக்கும் இந்தப் பயிற்சி பிறவியிலோ இளமையிலோ வாய்த்தது.

முதலில் பள்ளிகொண்டபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1970இல் வெளிவந்த இப்புதினத்தின் நிகழ்காலம் ஏறக்குறைய இரண்டே நாள்தான். ஐம்பது வயதை எட்டிய அனந்தன் நாயர் என்ற நோயாளி மனிதர், பத்மநாபசாமி பள்ளிகொண்டிருக்கும் நகரத்தின் தெருக்களில் நடக்கிறார், நினைக்கிறார், மேலும் நடக்கிறார். அவருடைய அழகிய மனைவி கார்த்தியாயினி, செல்வாக்குள்ள வேறொருவருடன் வாழச் சென்றுவிட்டவள். விட்டுச்சென்ற மகனையும் மகளையும் அவர் தனியே வளர்த்தார். வளர்ந்த பிள்ளைகள் தாயை வேறு கண்கொண்டு பார்க்கத் தொடங்குகிறார்கள். கதை என்று சொன்னால் இவ்வளவே. டப்ளின் நகரத்தின் ஒரு நாளைக்குள் ஒரு வாழ்வையே அடக்கிய ஜேம்ஸ் ஜாய்ஸின் 1922ஆம் ஆண்டுப் புதினத்தோடு இதை ஒப்பிட்டு, நனவோடை உத்தி என்று சொல்லி முடித்துவிடும் திறனாய்வுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். உத்தியின் பெயரைச் சொன்னதோடு கடமை முடிந்ததாகக் கருதுவது நம் திறனாய்வின் பழைய நோய்.

நான் இப்புதினத்தை மூன்று முறை படித்தேன். முதல் வாசிப்பில் அனந்தன் நாயருக்காக இரங்கினேன். இரண்டாம் வாசிப்பில் அவர்மீது ஒரு சலிப்பு ஏற்பட்டது: எத்தனை முறைதான் அதே காயத்தைத் தடவிக்கொண்டிருப்பார் இவர்? மூன்றாம் வாசிப்பில்தான் ஒரு கோப்பைப் பார்க்கும் எழுத்தனின் கண் எனக்கு உதவியது. அலுவலகத்தில் மிகத் தடித்த கோப்பு என்பது மிகத் தெளிவான கோப்பு அன்று. ஒரு தாள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அதைச் சுற்றி நூறு தாள்கள் சேர்ந்துகொள்வதுண்டு. அனந்தன் நாயரின் நினைவு அத்தகைய கோப்பு. அவர் கார்த்தியாயினியின் அழகை நினைக்கிறார். தம் வறுமையை நினைக்கிறார். ஊராரின் பார்வையை நினைக்கிறார். பிள்ளைகளை வளர்த்த பாட்டை நினைக்கிறார். அத்தனையும் உண்மை, அத்தனையும் வேதனை. இவ்வளவு நினைக்கும் மனிதர் ஒன்றை மட்டும் நேர்நின்று கேட்டுக்கொள்வதில்லை: அவள் என்னுடன் இருந்த நாட்களில் நான் அவளுக்கு எத்தகைய துணையாக இருந்தேன்? தம்மைவிட அழகிய மனைவியை ஒவ்வொரு நாளும் தம் கையைவிட்டுப் போகப்போகிறவளாகவே பார்த்த ஒரு கண், அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டதா இல்லையா? அந்தத் தாள் கோப்பில் இருக்கிறது. ஆசிரியர் அதை வைத்திருக்கிறார். அனந்தன் நாயர்தான் அதைத் திருப்புவதில்லை.

மறதியால் மறைப்பது எளிது, எல்லோரும் அறிந்தது. நினைவாலேயே மறைப்பது என்பது அரிய அவதானிப்பு. தமிழ்ப் புதினத்தில் இவ்வளவு விரிவாக அதைச் செய்துகாட்டிய வேறு நூலை நான் அறியேன். இதை எழுதியபோது நீல பத்மநாபன் முப்பதைச் சற்றே கடந்த இளைஞர். கேரள மின்வாரியத்தில் பொறியாளர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஐம்பது வயதின் தோல்வியை அவர் எங்கிருந்து பெற்றார் என்பது வியப்புத்தான்.

இன்னொரு நுட்பம். அனந்தன் நாயர் மலையாளி. அவர் அடிமனம் பேசும் மொழி மலையாளமாகத்தான் இருக்க முடியும். ஆனால் நாம் படிப்பது தமிழ். புறப்பேச்சை மொழிபெயர்ப்பது ஒரு வேலை. ஒருவன் வாய்திறவாமல் தனக்குள் பேசிக்கொள்வதை வேறு மொழியில் எழுதுவது முற்றிலும் வேறு வேலை. அண்டை வீட்டாரின் அடுக்களைவரை உரிமையோடு சென்று வந்தவரால்தான் அது இயலும். பாலக்காட்டுத் தஸ்ராக்கைக் களமாக்கி ஓ.வி. விஜயன் 1969இல் வெளியிட்ட கசாக்கின் இதிகாசத்தில் ரவி என்னும் ஆசிரியன் சுமந்து திரியும் குற்றவுணர்வை நாம் படித்துப் புரிந்துகொள்கிறோம் அல்லவா? அது மலையாளி நமக்குத் திறந்த கதவு. அடுத்த ஆண்டே ஒரு தமிழர் திறந்த கதவு பள்ளிகொண்டபுரம். இரண்டும் அருகருகே வைத்துப் படிக்கத்தக்கவை. நம் பிள்ளைகளுக்கு இரு மொழியும் தெரியும் என்பதால் இரண்டையும் மூலத்திலேயே படிக்கும் பேறு அவர்களுக்கு உண்டு.

நகுலனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். விரித்துச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. கும்பகோணத்தில் பிறந்து, இளமையிலேயே திருவனந்தபுரம் வந்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, 2007இல் மறைந்தவர் அவர். ஆங்கிலக் கவிதைகளுக்கு டி.கே. துரைசாமி, தமிழுக்கு நகுலன், புதினத்துக்குள் சென்றால் நவீனன். 1972இல் வெளிவந்த நினைவுப் பாதையில் நவீனனும் நகுலனும் இரு ஆட்களாகவே நடமாடுகிறார்கள். நெஞ்சொடு கிளத்தலின் கடைசி எல்லை என்று இதைச் சொல்லலாம்: இங்கே நெஞ்சுக்குத் தனிப் பெயரும் தனி முகவரியும் வந்துவிட்டன. சுசீலா என்ற பெண் வருகிறாள். அவள் இருக்கிறாளா, நினைக்கப்படுகிறாளா என்று தீர்மானிக்க முடிவதில்லை. இந்நூலை இருமுறை பாதியில் வைத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மூன்றாம் முறை, தொடர்ந்து படிக்க முயலாமல் இரவில் இரண்டு மூன்று பக்கமாகப் படித்தபோது மெல்ல இடம் கொடுத்தது. ஆனாலும் ஒரு குறை எனக்குத் தீரவில்லை. மனத்தின் அடுக்குகளை உரித்துக்கொண்டே செல்லும் நகுலனின் அறையில் நிலைக்கண்ணாடிகள் மிகுதி, சன்னல்கள் குறைவு. வெளியே தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போகும் குரல் கேட்டால் நன்றாயிருக்குமே என்று தோன்றிவிடுகிறது.

அந்தக் குரலைக் கேட்க ஆ. மாதவனிடம் செல்ல வேண்டும். 1934இல் பிறந்து 2021இல் மறைந்த மாதவன், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியவர். பள்ளியில் மலையாளம் படித்தவர். எழுத்தாளர் என்றால் பேராசிரியராகவோ பத்திரிகையாளராகவோ இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை, கல்லாப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்தபடியே பொய்யாக்கியவர். அவருடைய கிருஷ்ணப்பருந்து எண்பதுகளின் தொடக்கத்தில் நூலாயிற்று. மேற்சொன்ன மூன்றனுள் இதுவே தலைசிறந்தது என்பது என் தீர்ப்பு.

குருசாமி என்னும் சாமியப்பா மனைவியை இழந்தவர். பழைய தோட்டமும், அதில் குடியிருக்கும் எளிய குடும்பங்களும் அவருடையவை. பற்றற்றவர், பண்பாளர் என்று அக்கம்பக்கம் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. வேலப்பன் என்னும் இளைஞன் அவர் ஆதரவில் தழைத்தவன். அவன் மனைவி ராணி. அத்தனை காலம் அடங்கிக் கிடந்த ஒன்று அவளைக் கண்டு சாமியப்பாவுக்குள் கண் விழிக்கிறது. முடிவை இங்கே சொல்லிவிடுவது படிக்காதவர்களுக்குச் செய்யும் அநீதியாகும், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

இது பழைய கதைதானே, தவம் கலைந்த முனிவர் கதை புராணந்தோறும் உண்டே என்று சொல்லலாம். புராணத்தில் தவம் வேறு, காமம் வேறு. மேனகை வெளியிலிருந்து வருகிறாள். மாதவன் காட்டுவது வேறு. சாமியப்பாவின் துறவுக்கும் ஆசைக்கும் வேர் ஒன்றே என்று அவர் நமக்குச் சொல்லாமலே காட்டுகிறார். எல்லோரும் தம்மை நாடி வரவேண்டும். தாம் யாரையும் நாடாதிருக்க வேண்டும் என்ற நிலை துறவாகத் தோற்றமளிக்கும். அது ஓர் ஆட்சியும்கூட. ஆட்சியின் எல்லைக்குள் ராணி வந்தபோது அவ்வாட்சி தன் இயல்பைக் காட்டியது. நூலின் பெயரே ஒரு திறனாய்வு. கிருஷ்ணப்பருந்தைக் கண்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே பறவை கோழிக்குஞ்சைக் கொத்திக்கொண்டு போவதும் உண்டு. கும்பிடத்தக்க பறவை ஒன்றும் கொத்திச் செல்லும் பறவை வேறொன்றுமாக வானத்தில் இரண்டு பருந்துகள் இல்லை.

இதை நான் நூலில் மட்டும் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய்யாகும். சில ஆண்டுகளுக்கு முன், நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்த குடும்பம் ஒன்றின் பையன் மாலைதோறும் என் வீட்டுக்கு வருவான். போட்டித் தேர்வுகளுக்கு விண்ணப்பம் நிரப்ப, பழைய வினாத்தாள் பார்க்க, ஆங்கிலம் திருத்த, எல்லாவற்றுக்கும் நான்தான். "அண்ணே, நீங்க இல்லேன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது" என்பான். அவனுக்காக என் உறக்கத்தையும் சில ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் உவந்து கொடுத்தேன். ஊரில் நாலு பேர் அதைச் சொல்லிப் பாராட்டவும் செய்தார்கள். ஒருநாள் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து காலில் விழுந்தான். வேலை கிடைத்துவிட்டது. என் பதவிக்கு ஒரு படி மேலான பதவி. நான் அவனைத் தூக்கி நிறுத்தித் தழுவிக்கொண்டேன். என் மனைவியை அழைத்துக் காப்பி போடச் சொன்னேன். எல்லாம் முறைப்படி செய்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மகிழ்ச்சியினால்தான் என்று நடுநிசிவரை நம்பினேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. வர வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. மாலை ஆறு மணியானால் என் காது வாசற்படியில் செருப்பொலியைத் தேடுவதைக் கண்டு திடுக்கிட்டேன். அப்போதுதான், கல்லூரி நாளில் படித்துப் பிடிக்காமல் போன கிருஷ்ணப்பருந்தை மீண்டும் எடுத்தேன். சாமியப்பாவின் பிற்பகுதியை நான் வாழவில்லை. முற்பகுதியில் எனக்கு ஒரு திண்ணை இருக்கிறது என்பதை அந்நூல் காட்டியது.

இத்தகைய நூல்களைக் குடும்பத்தாரிடம் கொடுக்கலாமா என்று இலக்கியக் கூட்டம் ஒன்றின் முடிவில் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் கவலை நியாயமானது. புலம்பெயர்ந்து வந்த இடத்தில் நல்ல பெயர் என்பது நமக்கு ரேஷன் அட்டையைப் போல இன்றியமையாத பொருள். தமிழன் இப்படி, தமிழ் வீடு இப்படி என்று அண்டை அயலார் சொல்லிவிடக் கூடாதே என்று நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திக்கொண்டே வளர்ந்தோம். அதனால்தான் சாமியப்பாக்கள் நம்மிடையே மிகுதி என்று அவருக்கு விடை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது சிரிப்பதற்காகவும் அன்று. நற்பெயரைக் காப்பதில் ஒருவன் எவ்வளவு வல்லவனோ, அவ்வளவு ஆழத்துக்கு அவன் அடிமனம் கீழிறங்கிவிடுகிறது. அங்கே என்ன நடக்கிறதென்று அவனுக்கே தகவல் வருவதில்லை. மது, சினிமா, இளைஞர் ஒழுக்கம் என்று மேடைதோறும் கவலைப்படுகிறோம். மரியாதைக்குரியவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட ஒரு நாவல்தான் வர வேண்டியிருக்கிறது.

காமம் வருவதால்தான் நூல் உவப்பில்லை என்று சொல்வோர்க்கு, அதே மாதவனின் புனலும் மணலும் என்னும் 1974ஆம் ஆண்டுப் புதினத்தைச் சுட்டிக்காட்டுவேன். ஆற்றில் மணல் வாரிப் பிழைப்போரின் கதை. அங்குசாமி உழைப்பாளி, நேர்மையானவன், கூட்டாளிகளுக்கு நல்லவன். ஆனால் தன் மனைவி முதற்கணவனுக்குப் பெற்ற மகளாகிய தாமோதரியைக் கண்டாலே அவனுக்கு ஆவதில்லை. அழகற்ற அந்தப் பெண் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. ஏன் இந்த வெறுப்பு? அவள் தோற்றம் ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது. அது போதாது என்று நமக்குத் தெரிகிறது. அங்குசாமிக்கும் ஒருவேளை தெரியும். மேலும் ஒரு காரணத்தை மாதவன் தருவதில்லை. வேறொரு ஆசிரியராக இருந்தால், இளமையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைத் தோண்டி எடுத்துவந்து, "இதோ காரணம்" என்று நம் கையில் கொடுத்திருப்பார். நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். உளவியல் படித்து எழுதும் கதைகளில் நான் காணும் பெருங்குறை இதுதான்: ஒவ்வொரு பூட்டுக்கும் அவர்களிடம் ஒரு சாவி இருக்கிறது. குடும்பங்களுக்குள் காரணமில்லாத வெறுப்பு எத்தனை இருக்கிறது என்பது, பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

மூவரையும் இவ்வளவு போற்றிய பிறகு, என் மனத்தை உறுத்தும் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். அதைக் கண்டுபிடித்தவன் நான் அல்லன்.

சென்ற மழைக்காலத்தில் என் மனைவி பள்ளிகொண்டபுரத்தை எடுத்துப் படித்தாள். பகலில் வீட்டு வேலை, மாலையில் பிள்ளைகளின் பாடம் போக, ஒன்பது மணிக்குமேல் படிப்பாள். ஒரு வாரத்தில் முடித்துவிட்டு நூலை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கோப்பைப் பற்றிய என் கருத்தையெல்லாம் அவளிடம் சொல்ல ஆயத்தமாகவே இருந்தேன். அவள், "அந்த மனுசன் ரெண்டு நாளா நடந்து நடந்து நினைக்கிறாரு, சரி. கார்த்தியாயினி எந்தத் தெருவுல நடந்தா? அவ என்ன நினைச்சா?" என்றாள்.

எனக்கு உடனே விடை வரவில்லை. அவள் அனந்தன் நாயரின் நினைவில் வருகிறாள். அவருடைய கண்ணுக்கு அழகியாக, அவருடைய காயமாக வருகிறாள். ராணியும் அப்படியே: சாமியப்பாவின் கண் விழிப்பதற்கு அவள் வேண்டியிருக்கிறது. தாமோதரி வெறுக்கப்படுகிறாள், வெறுக்கப்படும் ஒரு பெண் இரவில் பாயை விரித்துப் படுத்தபின் தனக்குள் என்ன சொல்லிக்கொள்வாள் என்பதற்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருந்தால்? சுசீலாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவளுக்கு உடம்பு உண்டா என்பதே ஐயம். ஆண் மனத்தின் ஏழடுக்கு மாளிகையை இவ்வளவு நுட்பமாகத் திறந்து காட்டிய மூன்று கலைஞர்களும், பெண் மனத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார்கள். அது பணிவாக இருக்கலாம், அறியாமையாகவும் இருக்கலாம்.

அன்றிரவு நூலை மீண்டும் புரட்டி, கார்த்தியாயினி பேசும் இடங்களை மட்டும் தேடிப் பார்த்தேன். தாள்களின் ஓரத்தில் அங்கங்கே பென்சிலால் மெல்லிய கோடுகள் இருந்தன. என் கோடுகள் நீல மையில், பக்கம் பக்கமாக, அனந்தன் நாயரின் நினைவுகளுக்கு அடியில் ஓடின. பென்சில் கோடுகளோ, அவள் பேசும் இடங்களுக்கு அடியில் மட்டும் இருந்தன. எதற்காக அவற்றைக் குறித்து வைத்தாய் என்று மறுநாள் காலையில் கேட்டேன். அடுப்படியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே, "சாரமில்ல" என்றாள்.